ஜான் ஹண்டரின் கடைசிக் கூட்டம்: கோபமும் இதயமும் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

1793 அக்டோபர் 16. லண்டன் ஹைட் பார்க் முனையில் இருந்த செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் நிர்வாகக் குழு கூடியிருக்கிறது. 65 வயது அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர், ஸ்காட்லாந்திலிருந்து வந்திருந்த இரண்டு இளைஞர்களை மாணவர்களாகச் சேர்த்துக்கொள்ளும்படி பேசுகிறார். சக மருத்துவர் ஒருவர் அவர் சொன்னதை முகத்துக்கு நேரே மறுக்கிறார். ஹண்டர் பேச்சை நிறுத்திவிட்டுப் பக்கத்து அறைக்குப் போகிறார். அங்கிருந்த டாக்டர் ராபர்ட்சன் பக்கம் திரும்பி, ஆழமாக ஒருமுறை முனகி, அப்படியே விழுந்து இறக்கிறார்.

மருத்துவ வகுப்புகளில் இது ‘கோபத்தில் செத்தவர்’ கதையாகச் சுருங்கிவிடும். அப்படிச் சுருக்கும்போது இரண்டு விவரங்கள் விட்டுப்போகின்றன. ஒன்று, சாவதற்கு முன் ஹண்டர் கத்தவில்லை. வந்த கோபத்தை அடக்கிக்கொண்டார். இன்னொன்று, அன்றைக்குத் தகராறு வரும், அது தன் உயிருக்கே உலை வைக்கலாம் என்று காலையிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு நண்பரிடம் சொல்லியும் இருந்தார். கோபத்தைக் கொட்டிவிடுவது நல்லதா, அடக்கிக்கொள்வது நல்லதா என்று ஓயாமல் நடக்கும் வாதத்தில் இந்த நோயாளியை எந்தப் பக்கத்துக்கும் சாட்சியாக இழுக்க முடியாது. ரத்த அழுத்தம் ஏறிய பிறகு வாயைத் திறந்தாலும் மூடினாலும் இதயத்தின் மேல் ஏறிய சுமை இறங்கிவிடாது. செய்ய வேண்டியதெல்லாம் அதற்கு முன்னால் இருக்கிறது.

நோயாளி

1728-ல் ஸ்காட்லாந்தின் லாங் கால்டர்வுட் பண்ணையில், பத்துப் பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். இருபது வயதில் லண்டன் வந்து, அண்ணன் வில்லியம் ஹண்டர் நடத்திய உடற்கூற்றுப் பள்ளியில் பிணங்களை அறுத்துப் பழகினார். 1768-ல் செயின்ட் ஜார்ஜில் அறுவை மருத்துவரானார். பெரியம்மைத் தடுப்பூசியைக் கொண்டுவந்த எட்வர்ட் ஜென்னர் இவருடைய மாணவர். இரவில் நாலு மணி நேரத் தூக்கம், சாப்பிட்டபின் ஒரு மணி நேரம், மற்ற நேரமெல்லாம் வேலை. சட்டென்று சூடாகும் சுபாவம், சூடானால் லேசில் ஆறாது என்று அவருடைய மைத்துனர் எவரார்ட் ஹோம் எழுதியிருக்கிறார். ஹோமும் அறுவை மருத்துவர்தான். ஹண்டரின் நோயைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி, 1794-ல் அவர் வெளியிட்ட வாழ்க்கைக் குறிப்பிலிருந்து வருவது. குடும்பத்து ஆள் எழுதியது என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் நோய்க்குறிகளை அவர் எழுதியிருக்கும் விதத்தில் பூசிமெழுகல் தெரியவில்லை.

முதல் தாக்குதல் 1773-ல், மனதை நோகடித்த ஏதோ ஒரு விஷயத்தை ஒட்டி வந்தது. காலை பத்து மணிவாக்கில் மேல்வயிற்றில் வலி. எப்படி நின்றாலும், உட்கார்ந்தாலும், படுத்தாலும் குறையவில்லை. கண்ணாடியில் பார்த்தால் செத்தவன் முகம் போல வெளிறியிருக்கிறது. இரண்டு கையிலும் நாடி கிடைக்கவில்லை. தான் மூச்சு விடாமல் இருப்பதைக் கவனித்து, விடாவிட்டால் செத்துப்போவோம் என்று பயந்து, வலுக்கட்டாயமாக மூச்சை இழுத்து இழுத்து விட்டிருக்கிறார். முக்கால் மணி நேரம் இப்படியே போயிற்று. வாயுவுக்கும் வயிற்றுவலிக்கும் அந்தக் காலத்தில் கொடுக்கும் பிராந்தி, இஞ்சிச் சாறு வகையறாக்களை விழுங்கியிருக்கிறார்கள். மாரடைப்பு வலியை வாயு என்று நினைப்பது 250 வருடமாக மாறாத பழக்கம்.

எது தூண்டியது, எது தூண்டவில்லை

அடுத்த இருபது வருடம் வலி வந்துவந்து போயிற்று. 1785-க்குப் பிறகு அடிக்கடி. மேட்டில் ஏறினால் வரும், மாடிப்படி ஏறினால் வரும். இதில் புதுமை இல்லை. மனநிலை சார்ந்த தூண்டுதல்களை அவர் பிரித்துப் பார்த்ததுதான் இந்த நிகழ்வுக்கு மதிப்பைத் தருகிறது.

வண்டிக்காரன் குறித்த நேரத்துக்கு வராவிட்டால் வலி வந்தது. வேலையாள் சொன்னபடி செய்யாவிட்டால் வந்தது. தேனீக் கூட்டம் ஒன்றைக் கூட்டுக்குள் சேர்க்கும்போது தப்பிவிடுமோ என்ற பரபரப்பில் வந்தது. மரத்தடியில் உட்கார்ந்திருந்த பூனையைச் சுடத் துப்பாக்கி எடுக்கப் போனபோது, அதற்குள் ஓடிவிடுமே என்ற தவிப்பிலும் வந்தது. ஆனால் உண்மையான துயரம் எதுவும் வலியைக் கொண்டுவரவில்லை. யாரோ ஒருவரின் நன்றியுணர்ச்சியைப் பற்றிக் கதை சொல்லி, தானே கண்ணீர் விடும் அளவுக்கு நெகிழ்ந்தபோதும் நெஞ்சு சும்மா இருந்தது. எந்த அயோக்கியன் என்னைச் சீண்ட நினைத்தாலும் என் உயிர் அவன் கையில் இருக்கிறது என்று ஹண்டர் சொன்னதாக இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

இந்தப் பட்டியலை 2024-ல் அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் இதழில் வந்த ஒரு சோதனையோடு வைத்துப் பார்க்கலாம். ஆரோக்கியமான 280 பேரை நாலு குழுவாகப் பிரித்து, எட்டு நிமிடம் ஒரு குழுவுக்குக் கோபமூட்டும் பழைய சம்பவத்தையும், இன்னொன்றுக்குப் பதற்றமூட்டும் சம்பவத்தையும் நினைக்கச் சொன்னார்கள்; மூன்றாவது குழு சோகமான வாக்கியங்களைப் படித்தது; நாலாவது சும்மா எண்களை எண்ணியது. கோபக் குழுவில் ரத்தக்குழாய்கள் தேவைக்கேற்ப விரியும் திறன் குறைந்தது. அந்தக் குறைவு 40 நிமிடம் வரை நீடித்தது. சோகக் குழுவில் அப்படி எதுவும் தெரியவில்லை. பதற்றக் குழுவிலும் குறிப்பிடும்படி இல்லை. அந்த இடத்தில் ஹண்டரின் தேனீ அனுபவம் ஒத்துப்போகவில்லை. அவருடைய குழாய்கள் ஆரோக்கியமானவை அல்ல என்பதால் இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

அந்த 40 நிமிடத்தைக் கவனியுங்கள். காலையில் ஆட்டோ வரவில்லை என்று ஒரு எரிச்சல், ஒன்பதரைக்கு ஆபீஸ் வாசலில் ஒன்று, பதினொன்றுக்குப் போனில் ஒன்று. ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது வந்தால் குழாய்க்கு ஓய்வே கிடையாது. பெரிய சண்டைகளை எண்ணி ‘எனக்கு எப்போதாவதுதான் கோபம் வரும்’ என்று சொல்பவர்களிடம் சின்ன எரிச்சல்களை எண்ணச் சொல்ல வேண்டும். ஹண்டரின் உடம்பு பெரிதும் கணக்கில் எடுத்தது அவற்றைத்தான்.

கோபத்தில் இருந்த நியாயம்

கோபம் ஒரு நோய் அல்ல. நமக்குச் சேர வேண்டியது சேரவில்லை, வழியில் யாரோ வேண்டுமென்றே நிற்கிறார்கள் என்று கணக்குப் போட்ட மூளை, எதிர்த்து நிற்க உடம்பைத் தயார்ப்படுத்துவதுதான் அது. அந்தக் கணக்கு பல நேரம் சரியாகவே இருக்கும். ஹண்டருக்கும் சரியாகத்தான் இருந்தது. செயின்ட் ஜார்ஜில் மாணவர் கட்டணத்தை அறுவை மருத்துவர்கள் சமமாகப் பிரித்துக்கொள்வது வழக்கம். பெரும்பாலான மாணவர்கள் ஹண்டரைத் தேடி வந்தவர்கள்; மற்றவர்கள் பாடம் நடத்துவதில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. 1792-ல் காலியான இடத்துக்கு ஹோம் நின்று தாமஸ் கீட்டிடம் தோற்றார். அதன்பின் இனிமேல் தன் மாணவர்களின் கட்டணத்தைத் தானே வைத்துக்கொள்ளப்போவதாக ஹண்டர் சக மருத்துவர்களுக்கு அறிவித்தார்.

கெட்டது இங்கேதான். மருத்துவமனையில் போதனை நடக்கவில்லை என்ற நியாயமான குறை, மைத்துனர் தோற்ற சூட்டில், பணத் தகராறாக வெளியே வந்தது. பேசித் தீர்க்க வேண்டியதை முடிவாக அறிவித்ததால் மற்ற மூவருக்கும் சேர்ந்து நிற்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று. 1793 மார்ச்சில் நிர்வாகிகள் ஹண்டருக்கு எதிராக முடிவெடுத்தார்கள். பிறகு அவரைக் கலக்காமலே மாணவர் சேர்க்கைக்குப் புது விதிகள் போட்டார்கள். முன்பயிற்சிச் சான்று இல்லாதவரைச் சேர்க்கக் கூடாது என்பது அதில் ஒன்று. அக்டோபரில் வந்த ஸ்காட்லாந்து இளைஞர்கள் இருவரும் மாட்டியது இந்த விதியில். கோபத்துக்குக் காரணமான பிரச்சினை தீராமல் கோபம் மட்டும் ஆறியது போலத் தெரிந்தால், அது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டிலும் இதே கதை. கர்ப்பிணியின் ரத்த ஓட்டமும் நச்சுக்கொடி வழியான குழந்தையின் ரத்த ஓட்டமும் தனித்தனி என்று கண்டது யார் என்பதில் 1780-ல் அண்ணன் தம்பிக்குள் தகராறு வந்தது. 1754-ல் தானே கண்டறிந்ததாக ஜான் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். அது தன்னுடையது என்று வில்லியம் எழுத்தில் எதிர்த்தார். கால் நூற்றாண்டுக்கு முந்தைய வேலைக்கு, குடும்பத்துக்குள் பேசித் தீர்க்காமல், ஊரறியக் கடிதச் சண்டை. 1783-ல் வில்லியம் மரணப்படுக்கையில் கிடந்தபோதுதான் ஜான் போய்க் கவனித்துக்கொண்டார். உயிலில் ஜானுக்கு ஒன்றும் இல்லை. பிறந்த பண்ணைகூட அக்காள் மகன் மேத்யூ பெய்லிக்குப் போயிற்று. பெய்லிதான் அதை மாமனிடம் ஒப்படைத்தார். வருடக்கணக்கில் பேச்சை நிறுத்திக்கொள்வதைக் கோபத்தை அடக்கிய கணக்கில் பலர் எழுதுகிறார்கள். அது வெறும் மௌனத்தில் நடத்தும் சண்டை.

அறுத்துப் பார்த்தபோது

ஜானின் இதயத் தசைக்குள் ஓடும் கரோனரி தமனிகள் எலும்புக் குழாய்களாக மாறியிருந்தன. கத்தியால் வெட்டுவதே சிரமமாக இருந்தது. வெட்டிய வாய் சுருங்காமல் திறந்தே நின்றது. மைட்ரல் வால்வு எலும்பாகியிருந்தது. பெருந்தமனி, தன் வால்வை அடுத்த இடத்தில் விரிந்திருந்தது. மூளைக்குப் போகும் தமனிகளிலும் இதே கெடுதி. பெருந்தமனி விரிவை வைத்து மேகநோயை (சிபிலிஸ்) சந்தேகிப்பவர்கள் உண்டு. 1767-ல் அவர் தன் உடம்பிலேயே அதைச் செலுத்திக்கொண்டார் என்ற கதை அதற்குத் துணைக்கு வரும். அந்தக் கதையைப் பல வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை.

ஆகவே கோபம் அவரைக் கொன்றது என்பது பாதி உண்மை. இருபது வருடமாகக் குழாய் கெட்டுக்கொண்டிருந்தது. கோபம் கடைசித் தள்ளு. அந்தத் தள்ளு எப்படி வேலை செய்கிறது? கோபத்தில் அட்ரினலினும் நார்அட்ரினலினும் ரத்தத்தில் ஏறுகின்றன; இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடுகின்றன; இதயத்தசை கேட்கும் ஆக்சிஜன் கூடுகிறது. ஆனால் இதயம் தனக்கு வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் இரண்டு துடிப்புக்கு இடைப்பட்ட ஓய்வில்தான் வாங்கிக்கொள்கிறது. துடிப்பு வேகமாகும்போது அந்த ஓய்வு சுருங்கிவிடும். நல்ல குழாய் விரிந்து ஈடுகட்டும்; எலும்பான குழாயால் விரிய முடியாது. ரத்தம் போதாத தசையில் மின்னோட்டம் தாறுமாறாகி, துடிப்பு நடுக்கமாக மாறி நின்றுவிடலாம். ஹண்டர் சில நொடிகளில் இறந்ததைப் பார்த்தால் அப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். குழாய் ஓரளவே அடைபட்டவர்களுக்கு வேறு வழியிலும் ஆபத்து வரும்: அழுத்தம் ஏறும்போது கொழுப்புப் படிவம் கிழியலாம், அதன்மேல் ரத்தம் உறையலாம்.

ஆபத்து எவ்வளவு என்பதில் மிகைப்படுத்தக் கூடாது. 52 நாடுகளில் முதல் மாரடைப்பு வந்த 12,461 பேரை ஆராய்ந்து 2016-ல் வெளியான ஆய்வில், கோபமோ மனக்கொந்தளிப்போ வந்த ஒரு மணி நேரத்துக்குள் மாரடைப்பு வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. அதே நேரத்தில் கடும் உடலுழைப்பும் சேர்ந்தால் மூன்று மடங்கு. பல ஆய்வுகளைச் சேர்த்து 2014-ல் போட்ட கணக்கின்படி, இதய ஆபத்து குறைந்தவர்கள் மாதம் ஒரு முறை கோபப்பட்டால் வருடத்துக்கு 10,000 பேரில் கூடுதலாக ஒருவருக்கு மாரடைப்பு வரும். ஆபத்து அதிகமுள்ளவர்களில் நாலு பேருக்கு. அதையே தினம் ஐந்து முறை என்று வைத்தால் இந்த எண்கள் 158-க்கும் 657-க்கும் ஏறிவிடுகின்றன. எத்தனை முறை என்பதும், யாருடைய குழாயில் என்பதும்தான் கணக்கு.

கொட்டுவதா, விழுங்குவதா

ஹண்டர் ‘தன் கருத்தை வெளியிடாமல், அந்தக் கட்டுப்பாட்டு நிலையிலேயே’ அடுத்த அறைக்குப் போனார் என்கிறார் ஹோம். இதைப் படித்துவிட்டு ‘கொட்டியிருந்தால் பிழைத்திருப்பார்’ என்று சொல்லத் தோன்றும். அதற்கு ஆதாரம் இல்லை. 2002-ல் உளவியலாளர் பிராட் புஷ்மன் நடத்திய சோதனையில், அவமானப்படுத்தப்பட்ட கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் அவமானப்படுத்தியவரை நினைத்தபடி குத்துப்பையைக் குத்தினார்கள். அவர்களுக்குத்தான் கோபம் அதிகம் மிஞ்சியது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட ஆறியிருந்தார்கள். 154 ஆய்வுகளைத் தொகுத்து அவரும் சகாவும் 2024-ல் வெளியிட்ட மதிப்பாய்வும் அதையே சொல்கிறது. உடலின் வேகத்தைக் குறைப்பவை கோபத்தைக் குறைக்கின்றன, ஏற்றுபவை குறைப்பதில்லை. கோபத்தோடு ஓடப்போவது இரண்டாவது வகை. ஓட்டம் இதயத்துக்கு நல்லதுதான், ஆனால் அது வேறு நேரத்துக்கு.

விழுங்குவதில் கெடுதி எங்கே என்றால், முகத்தை மட்டும் சரிசெய்துகொண்டு மனதுக்குள் வாதத்தை ஓட்டிக்கொண்டே இருப்பதில். வாய் மூடியிருக்கும், உடம்பு சண்டையில் இருக்கும். அறையை விட்டு வெளியேறியதும் ‘அவன் அப்படிச் சொன்னதற்கு நான் இப்படிச் சொல்லியிருக்க வேண்டும்’ என்று ஓட்டிப் பார்ப்பவர் வெளியேறவே இல்லை.

அன்று காலை என்ன செய்திருக்கலாம்

பேச வேண்டியதை எழுதி அனுப்பியிருக்கலாம். இளைஞர்கள் தங்கள் வழக்கை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை வேறொருவர் கூட்டத்தில் வாசித்திருக்கலாம். முன்கூட்டியே தெரிந்த தகராறுக்கு இதுதான் முதல் வழி: நேரில் போக வேண்டிய கட்டாயம் உண்டா என்று கேட்பது. போய்த்தான் ஆக வேண்டும் என்றால், கேட்க வேண்டியதை இரண்டு வரியில் எழுதிக்கொண்டு போக வேண்டும். மறுப்பு வந்தால் சொல்ல ஒரு வாக்கியம் கையில் இருக்க வேண்டும்: ‘இதற்கு எழுத்தில் பதில் தருகிறேன்.’ அரைமணி முன்னதாகப் போய், மூச்சு வாங்கப் படியேறி நேராக நாற்காலியில் உட்காராமல், ஆறியபின் உள்ளே நுழைய வேண்டும். கோபமும் உழைப்பும் சேரக் கூடாது என்று மேலே சொன்ன எண் இதற்காகத்தான்.

கோபம் ஏறத் தொடங்கிவிட்டால் முதலில் தெரிவது உடம்பில்: தாடை இறுகும், காது சுடும், பேச்சு வேகமாகும், எதிராளி முடிக்கும் முன்பே பதில் தயாராகிவிடும். அந்த இடத்தில் நாலு நொடி மூச்சை இழுத்து, ஆறு நொடி விட வேண்டும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். பலர் இதை நெஞ்சு நிறைய வேகமாக இழுத்துச் செய்கிறார்கள்; தலைசுற்றி, விரல் மதமதத்து, ‘எனக்கு ஒத்துவரவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். இழுப்பது சாதாரணமாக இருக்க வேண்டும். நீள வேண்டியது விடும் மூச்சு. கோபம் இல்லாத நாட்களில் தினம் ஒரு வேளை பழகியிருந்தால்தான் கோபத்தில் கைகொடுக்கும்.

வீட்டுச் சண்டையில் விலகிப் போவது நல்லது, ஆனால் போகும் விதத்தில்தான் எல்லாம் கெடும். கதவை அறைந்துவிட்டுப் போனால் அது இன்னொரு தாக்குதல். ‘எனக்கு ரொம்பக் கோபமா இருக்கு, எட்டரைக்கு வந்து பேசறேன்’ என்று நேரம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். எட்டரைக்குத் திரும்பி வரவும் வேண்டும். தம்பதி ஆலோசகர்கள் குறைந்தது 20 நிமிடம் என்பார்கள். மேலே பார்த்த ரத்தக்குழாய்ச் சோதனையை வைத்து 40 நிமிடமாக வைத்துக்கொள்வது மேல். அந்த நேரத்தில் தங்கைக்குப் போன் போட்டு முழுக்கதையும் சொன்னால் ஆறாது. பாத்திரம் துலக்கலாம், பாட்டுக் கேட்கலாம், செடிக்குத் தண்ணீர் விடலாம். திரும்பி வந்தபின் நடந்தது என்ன, அதனால் எனக்கு என்ன ஆயிற்று, இனி என்ன வேண்டும் என்று மூன்றை மட்டும் பேசினால் போதும். ‘நீ எப்பவுமே இப்படித்தான்’ என்று தொடங்கினால் மறுபடியும் ஹண்டரின் 1792 அறிவிப்புதான்.

இரண்டு வாரம் ஒரு சிறு நோட்டில் குறித்துப் பார்ப்பது பயன் தரும். நேரம், என்ன நடந்தது, உடம்பில் எங்கே தெரிந்தது, பத்துக்கு எத்தனை, முந்தின இரவு எத்தனை மணி நேரத் தூக்கம். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரங்களும் ஒன்றிரண்டு ஆட்களும் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அந்த நோட்டை மனைவிக்கோ கணவருக்கோ எதிரான சாட்சியாக எடுத்து நீட்டினால் அதன் வேலை அத்தோடு முடிந்தது. முன்பு இல்லாத கடுகடுப்பு சில மாதங்களில் புதிதாக வந்திருந்தால் தைராய்டு, தூக்கக் குறைவு, குடி, விடாத வலி, மனச்சோர்வு, ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஆண்களிடம் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வராமல் எரிந்துவிழுவதாகத்தான் வருகிறது.

கோபத்தில் கை நீளும் வீட்டில் மூச்சுப் பயிற்சியும் நேரம் சொல்லி விலகுவதும் வழி அல்ல; அடிபடுபவரின் பாதுகாப்புத்தான் முதல் வேலை. இந்தியாவில் பெண்களுக்கான உதவி எண் 181, மனநல உதவிக்கு 14416.

இதய நோய் இருப்பவர்களின் வீட்டார் ஜென்னரைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். நெஞ்சுவலியில் இறந்த ஒருவரை அறுத்துப் பார்த்தபோது ஜென்னரின் கத்தி ஏதோ கரகரப்பான பொருளில் மோதி முனை மழுங்கியது. கூரைக் காரை உதிர்ந்து விழுந்ததோ என்று அவர் அண்ணாந்து பார்த்தாராம். எலும்பான கரோனரி தமனி அது. அதன்பின் தன் ஆசிரியரின் வலியும் இதுதான் என்று ஊகித்தார்; நெஞ்சுவலி நோயை 1768-ல் முதன்முதலாக விவரித்த வில்லியம் ஹெபர்டனுக்கு அதைக் கடிதமாகவும் எழுதினார். ஹண்டரிடம் மட்டும் சொல்லவில்லை. மருந்தே இல்லாத நோயைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்பது அவர் எண்ணம். அன்றைக்கு அது சரியாகக்கூட இருக்கலாம். இன்றைக்கு அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. 1995-ல் வெளியான ஓர் ஆய்வில், கோபத்துக்குப் பின் இரண்டு மணி நேரத்தில் வரும் மாரடைப்பு ஆபத்து, ஆஸ்பிரின் தொடர்ந்து எடுத்தவர்களிடம் 1.4 மடங்காகவும் எடுக்காதவர்களிடம் 2.9 மடங்காகவும் இருந்தது. நீங்களாக ஆஸ்பிரின் தொடங்கச் சொல்லும் தகவல் அல்ல இது. மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. ‘படியேறினால் வலிக்கிறது’ என்று சொல்லும்போது ‘பையனோடு சண்டை போட்டாலும் வலிக்கிறது’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை நன்றாக இருக்கிறதே என்று ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். கோபத்தின்போதோ பிறகோ நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ இறுக்கம் வந்து, உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் போகாவிட்டால், இஞ்சிச் சாறு தேடாமல் 108-ஐ அழையுங்கள்.